பிடியரிசியும் வேதாகமப் பெண்டிரும்

சிறுமலையின் மேட்டில் நின்று வடமேற்கே நோக்கினால், சமவெளியின் நடுவே திண்டு போலக் கிடக்கும் திண்டுக்கல் பாறையும் அதன்மேல் அமைந்த கோட்டையும் கண்ணுக்குத் தெரியும். நாயக்கர் காலத்தில் எழுந்த அக்கோட்டை ஐதர் அலியையும் திப்பு சுல்தானையும் கண்டு, 1792-இல் உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் கைக்குச் சென்ற வரலாற்றை மாணவ மாணவியராகிய நீங்கள் படித்திருப்பீர்கள். படையெடுப்புக்குத் தேதி உண்டு. முற்றுகைக்குக் கணக்கு உண்டு. அதே பாறையின் நிழலில், ஒரு வீட்டுத் திண்ணையிலோ ஆலயத்தின் பின்கட்டிலோ பத்துப் பெண்கள் கூடி அமர, ஒருத்தி படிக்க மற்றவர் கேட்ட கூட்டங்களுக்குத் தேதி குறித்து வைத்தவர் மிகச் சிலரே. அக்கூட்டங்களைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டேன். கிறிஸ்தவ சமயத்தில் பெண்கள் தமக்குள் கூடி வழிபட்டதும், ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்ததும், அதன் வழியே நம் நாட்டுப் பெண்டிர் பலர் எழுத்தறிவும் பேச்சுரிமையும் பெற்றதும் இப்பேச்சின் பொருள். நான் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

இப்பழக்கத்தின் வேர் மிகப் பழையது. முதல் நூற்றாண்டில், பிலிப்பி என்னும் நகரின் வெளியே, ஆற்றங்கரையில் பெண்கள் சிலர் வழிபாட்டுக்காகக் கூடியிருந்தனர் என்று விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பவுல் என்னும் தொண்டர் அவர்களிடையே அமர்ந்து பேசினார். அவர் பேச்சைக் கேட்டவர்களுள் லீதியாள் என்பவள் இரத்தாம்பரம் விற்கும் வணிகப் பெண். அவள் வீடே அந்நகரில் விசுவாசிகள் கூடும் இடமாயிற்று. யோப்பா ஊரில் தொற்காள் என்னும் மாது விதவைகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்து வந்தாள். அவள் இறந்தபோது அவ்விதவைகள் அந்த ஆடைகளைக் கையில் ஏந்தி நின்று அழுதனர் என்று படிக்கிறோம். வணிகம், தையல், ஆற்றங்கரை! ஆடவர் கூடும் சபை மண்டபங்களுக்கு வெளியே, பெண்டிர் அன்றாடம் புழங்கும் இடங்களிலேயே இவ்வரலாறு தொடங்கிற்று என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் நம் பக்கத்திலும் அவ்வாறே நிகழக் காண்போம்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடியாக நிற்பவர் பாளையங்கோட்டைக் குளோரிந்தா அம்மையார். மராத்திய அந்தணர் குலத்தில் பிறந்து, இளமையில் கணவனை இழந்து, ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தவர். அவ்வாழ்வைக் காரணம் காட்டி, தஞ்சையிலும் திருச்சியிலும் பணிபுரிந்த சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் அளிக்க மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பின்னர், 1778-இல்தான் அம்மையார் திருமுழுக்குப் பெற்றார். மறுக்கப்பட்ட காலத்தும் அவர் சும்மா இருந்தாரல்லர். தம்மைச் சுற்றிச் சிறு கூட்டம் ஒன்றைச் சேர்த்து வளர்த்து வந்தார். 1785-இல் பாளையங்கோட்டையில் அவர் முயற்சியால் ஆலயம் ஒன்று எழுந்தது. திருநெல்வேலிச் சபையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் கைம்பெண் ஒருத்தியின் பெயரை முதற்பக்கத்தில் எழுதாமல் இருக்க முடியாது. எனக்கு இதில் வியப்பு உண்டு. பின்வந்த நூறு ஆண்டுகளில் எத்தனை ஆடவர் அப்பெயருக்கு மேல் தம் பெயரை எழுதிக்கொண்டனர் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன்.

இனி நம் திண்டுக்கல் பக்கம் வருவோம். இங்கே சீர்திருத்தக் கிறிஸ்தவம் கால்கொண்டது திருநெல்வேலி வழியாக அன்று. கடல் கடந்து, யாழ்ப்பாணத்தின் வழியாக. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்து வந்த அமெரிக்க மிஷன், 1834-இல் மதுரையில் ஒரு கிளையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் நிலையம் அமைந்தது. வந்தவர்கள் வெயிலுக்கும் நோய்க்கும் ஆற்றாது முதலில் சிறுமலை மேல்தான் ஒதுங்க இடம் தேடினர். வீடும் கட்டினர். மலைக்காய்ச்சல் அவர்களை விரட்டிவிட்டது. அதன் பிறகே, 1845-இல், கோடைக்கானல் சென்று குடியேறினர். அக்காய்ச்சல் இல்லையேல் இன்று கோடைக்குக் கூடும் கூட்டம் நம் சிறுமலையில் கூடியிருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எங்கள் வாழைத் தோட்டங்கள் தப்பின என்று நான் மறுமொழி சொல்வேன்!

யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. அங்கே உடுவிலில் 1824-இலேயே பெண்களுக்கென உறைவிடப் பள்ளி ஒன்று நடந்தது. எலிசா அக்னியு என்னும் அம்மையார் 1840 தொடங்கிச் சுமார் நாற்பது ஆண்டுகள் தம் நாடு திரும்பாமலே அங்குக் கற்பித்தார். அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என்பர். தமிழ்ப் பெண்ணுக்கு எழுத்து வரும், படிப்பு வரும், பிறருக்குக் கற்பிக்கவும் வரும் என்பது மதுரை மிஷனார்க்குப் புதிதாக மெய்ப்பிக்க வேண்டிய செய்தியாக இருக்கவில்லை.

எனினும் மதுரைச் சீமையில் ஒரு தடை குறுக்கிட்டது. உபதேசியார் தெருவில் நின்று பேசலாம். சந்தையில் துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம். வீட்டின் இடைகழியைத் தாண்டி உள்ளே போக அவரால் இயலாது. உயர்குலத்து வீடுகளில் பெண்கள் அந்நிய ஆடவர் முன் வருவதில்லை. ஏழைக் குடிகளில் பெண்கள் விடிந்தால் வயலுக்குப் போய்விடுவர். மேலும், பேசியும் என்ன பயன்? புத்தகத்தைக் கொடுத்தால் படிக்கத் தெரிய வேண்டுமே! 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியப் பெண்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. விடுதலை பெற்ற பின், 1951-இல் கூட அது நூற்றுக்கு ஒன்பதை எட்டவில்லை. 2011-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எழுபத்து மூன்று என்று காண்கிறோம். இவ்வளவு தொலைவு கடந்து வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அரசின் பள்ளிகளும் பகல் உணவும் அவற்றுள் தலையாயவை. அவற்றுக்கெல்லாம் முன்னே, ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து 'அ' என்று எழுதிக் காட்டிய காலம் ஒன்று இருந்தது.

அவ்வாறு புகுந்தவர்களே 'பைபிள் உமன்' என்று ஊரார் வாயில் வழங்கிய வேதாகமப் பெண்டிர். இம்முறை 1857-இல் லண்டன் மாநகரில் எல்லன் ரான்யார்டு என்னும் அம்மையாரால் தொடங்கப்பட்டது. சேரிகளில் வாழும் ஏழைப் பெண்களிடம் சீமாட்டிகள் சென்றால் கதவு திறப்பதில்லை. அதே தெருவில் வாழும் ஏழைப் பெண் ஒருத்தி சென்றால் திறக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. வாரந்தோறும் சில காசு வீதம் வாங்கிக்கொண்டு அவள் வேதப் புத்தகத்தை விற்பாள். கூடவே துணி தைக்கவும் வீடு துலக்கவும் கற்றுக் கொடுப்பாள். இம்முறை நம் நாட்டுக்கு வந்தபோது ஒன்று மாறிற்று. லண்டனில் தடையாக நின்றது வறுமை; இங்கே எழுத்தறியாமையும் சேர்ந்து நின்றது. ஆகவே இங்கு வேதாகமப் பெண்ணின் முதல் வேலை விற்பனை அன்று, அரிச்சுவடி.

மதுரை நகரில் இப்பணியை ஒழுங்குபடுத்தியவர்களுள் சாரா கேப்ரன் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். மானாமதுரையில் கணவருடன் பணியாற்றியவர். 1876-இல் கணவர் இறந்த பின் ஊர் திரும்பாமல் மதுரைக்கு வந்து, பெண்கள் பள்ளிகளையும் வேதாகமப் பெண்டிரையும் மேற்பார்வையிட்டார். கேப்ரன் ஹால் என்ற பெண்கள் பள்ளியின் பெயர் இவர் நினைவால் வந்தது. அமெரிக்கா திரும்பிய பின் சிக்காகோ நகரில், மூடி என்பவர் தொடங்கிய வேதாகமக் கல்லூரியில் பெண்கள் பகுதிக்குத் தலைமை தாங்கினார். மதுரைத் தெருக்களில் கற்ற பாடம் சிக்காகோவிற் பயன்பட்டது என்று சொன்னால் தவறாகாது. மேல்நாட்டிலிருந்தே எல்லாம் இங்கு வந்தது என்று எண்ணும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க.

வேதாகமப் பெண்ணின் நாள் எப்படிக் கழிந்தது? காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு என்று வகுத்துக்கொண்டு செல்வாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி அல்லது இருவர் படிப்பர். மருமகள் படிக்க, மாமியார் தூணருகே நின்று கேட்பாள். அடுப்பில் உலை கொதித்தால் பாடம் நிற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த பிறகு வேதாகமக் கதைகள். நடுவே ஒரு கீர்த்தனை. இக்கீர்த்தனைகளின் பங்கை நான் சிறப்பாகச் சொல்ல வேண்டும். மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் 1853-இல் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவற்றுட் பல தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றியவை. மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டைப் புத்தகம் பார்த்துத்தான் பாட வேண்டும். நம் இராகத்தில் அமைந்த கீர்த்தனையை எழுத்தறியாத பெண்ணும் இருமுறை கேட்டால் பாடிவிடுவாள். நாற்று நடும்போதும் பாடலாம், தொட்டில் ஆட்டும்போதும் பாடலாம். பெண்கள் கூட்டத்திற்கு உயிராக இருந்தது இப்பாட்டே என்பது என் கருத்து.

மாதம் ஒருமுறை வேதாகமப் பெண்டிர் அனைவரும் நிலையத்தில் ஒன்றுகூடுவர். எத்தனை வீடுகள், எத்தனை பேர் படிக்கின்றனர், எவள் எந்தப் பாடத்தில் இருக்கிறாள் என்று ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டும். இக்காலத்துக் கல்லூரி மாணவிக்கு இது சிறு செயலாகத் தோன்றலாம். தன் கணவனின் பெயரைச் சொல்லவும் நாணிய ஒரு தலைமுறையில், ஒரு பெண் பத்துப் பேர் முன் எழுந்து நின்று தன் வேலையைப் பற்றித் தானே பேசுவது சிறு செயல் அன்று.

என் பாட்டியார் இவ்வாறு எழுத்துக் கற்றவர். அவர் புகுந்த வீடு சிறுமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. குடையும் துணிப்பையுமாக, வெள்ளைச் சேலை உடுத்த அம்மாள் ஒருவர் வாரம் ஒருமுறை வருவாராம். பாட்டியார் அவரைப் 'பைபிள் அம்மா' என்றே கடைசிவரை குறிப்பிட்டார். பாட்டியார் சமயம் மாறவில்லை. அவ்வெழுத்தை வைத்துக்கொண்டு அல்லியரசாணி மாலையையும் விக்கிரமாதித்தன் கதையையும் உரத்துப் படிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிக் கேட்பர். ஏசு கதை கேட்கத் தொடங்கிய கூட்டம் அல்லி கதை கேட்கும் கூட்டமாயிற்று என்று என் தந்தையார் சிரிப்பார். அந்த அம்மாள் அதற்காகப் பாட்டியார் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடவில்லை என்பதையும் அவர் சேர்த்தே சொல்வார்.

இங்கே ஒன்றை ஒளியாமல் கூறிவிடுகிறேன். இப்பணியின் நோக்கம் சமய மாற்றமே. அதனை மிஷனார் மறைத்ததும் இல்லை. எங்கேனும் ஒரு வீட்டில் ஒரு பெண் ஞானஸ்நானம் பெற விரும்புகிறாள் என்ற செய்தி பரவினால், அத்தெருவில் அத்தனை கதவும் ஒரே நாளில் அடைபட்டுவிடும். பெற்றோரின் அச்சத்தைப் பழிக்க நான் முன்வர மாட்டேன். குடும்பம் பிளந்துபோவதை எவர் விரும்புவார்? ஆனால் சில மாதங்களில் அக்கதவுகள் மெல்ல மீண்டும் திறந்தன என்பதும் வரலாறே. எழுத்தின் மேல் பெண்கள் கொண்ட வேட்கை, ஊராரின் அச்சத்தினும் பெரிதாக இருந்தது.

பயிற்சி இல்லாதவர்களைக் கொண்டு பணி சிறக்காது என்று கண்டு, 1892-இல் ஈவா சுவிஃப்ட் என்னும் அம்மையார் மதுரையில் வேதாகமப் பெண்டிருக்கெனப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். லூசி பெரி நோபிள் என்பவரின் பெயரால் வழங்கும் அந்நிறுவனம் ரட்சண்யபுரம் என்ற இடத்தில் நிலைபெற்றது. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. கற்பிக்கக் கற்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட நாளில்தான் எந்தப் பணியும் தொழிலின் தகுதியை அடைகிறது.

அப்பள்ளிக்கும் அது போன்றவற்றுக்கும் வந்து சேர்ந்த பெண்கள் யார்? பலர் கைம்பெண்கள். மணவினை மனையில் இடமில்லை, பிறந்த வீட்டில் பாரம், புகுந்த வீட்டில் பழி என்று வாழ்ந்தவர்கள். அக்காலத்தில் விதவை ஒருத்தி தனியே தெருவில் நடந்தால் சகுனம் பார்த்து ஒதுங்குவர். அதே பெண் புத்தகப் பையுடன் நடந்தபோது, 'வாங்கம்மா' என்று திண்ணையில் இடம் கொடுத்தனர். கத்தோலிக்கரிடையேயும் இத்தகைய வரலாறு உண்டு. 1858-இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய புனித அன்னாள் சபை, அன்னம்மாள் என்ற இளம் கைம்பெண்ணைத் தலைமையாகக் கொண்டு, விதவைகள் கூடி வாழ்ந்த இல்லத்திலிருந்து வளர்ந்ததே. சமுதாயம் வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் ஒன்றுகூடித் தாமே ஒரு சமுதாயமாயினர்.

திருநெல்வேலிச் சீமையில் 1896-க்குப் பின் ஏமி கார்மைக்கேல் அம்மையாருடன் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்ற பெண்கள் குழு ஒன்று இருந்தது. 'நட்சத்திரக் கூட்டம்' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. பொன்னம்மாள் என்ற கைம்பெண் அதில் முதன்மையானவர். அவர் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். மற்றவரும் அவ்வாறே செய்தனர். நகை என்பது நம் நாட்டில் பெண்ணின் ஒரே சொத்து, ஒரே காப்பு என்பதை அறிந்தவர்க்கே அச்செயலின் கனம் விளங்கும். உறவினர் சினந்தனர், ஊர் நகைத்தது. பின்னர் டோனாவூரில் குழந்தைகளைக் காக்கும் இல்லம் வளர்ந்தபோது, அதன் தூண்களுள் ஒருவராக நின்று, 1915-இல் பொன்னம்மாள் மறைந்தார். அடுத்த ஆண்டில் அங்கே ஏழு பெண்கள் கூடி, பணிக்கே தம்மை ஒப்படைத்த சகோதரிகள் குழு ஒன்றை அமைத்தனர்.

எல்லாரும் வீட்டை விட்டு வண்டி ஏற இயலுமா? இயலாது. குழந்தையும் குடும்பமுமாக வாழ்ந்த பெண்கள் வேறொரு வழி கண்டனர். அதுவே பிடியரிசி. ஒவ்வொரு வேளையும் உலையில் இடுவதற்கு அரிசியை அளந்த பின், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. வாரக் கடைசியில் கலயத்தை ஆலயத்திற்குக் கொண்டு சென்று பொதுக் கூடையில் கொட்டுவர். அவ்வரிசியை விற்று வரும் பணம் ஊழியத்திற்கு. கணவனிடம் காசு கேட்க வேண்டியதில்லை. கணக்குக் காட்ட வேண்டியதுமில்லை. அடுப்படி பெண்ணின் ஆட்சிக்குட்பட்டது. அங்கிருந்து எடுப்பது அவள் உரிமை. நம் சமயத்து மடங்களுக்கும் பெண்கள் இவ்வாறு பிடியரிசி எடுத்து வைத்த வழக்கம் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே இது கடல் கடந்து வந்த வழக்கம் என்று எவரும் எண்ண வேண்டா. மண்ணுக்குரிய பழக்கம் ஒன்று புதிய பாத்திரத்தில் இடப்பட்டது, அவ்வளவே.

இவ்வாறு சிறுகச் சேர்ப்பதன் வலிமையை எளிதாக எண்ணலாகாது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் 1900-இல் சங்கம் ஒன்று அமைத்து, தாமே பொருள் திரட்டி, இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினர். 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வே. ச. அசரியா இதனைக் கண்டு உள்ளம் கிளர்ந்தார். வெளிநாட்டார் பணத்தை எதிர்பாராது இந்தியரே தம் பொருளைக் கொண்டு நடத்தும் இந்திய மிஷனெரிச் சங்கம் மறு ஆண்டில் திருநெல்வேலியில் தோன்றியது. அசரியா 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரானார் என்பதைப் பலரும் எழுதுவர். இத்தகைய சங்கங்களின் களஞ்சியம் கலயம் கலயமாக நிறைந்தது அடுப்படிகளிலிருந்து என்பதை எழுதுவோர் குறைவு.

அமெரிக்க நாட்டிலும் நிலைமை இதனினும் மிக வேறுபட்டதன்று. அங்கே மிஷன் சங்கங்களை ஆடவரே ஆண்டனர். பெண்களுக்கு அவற்றில் சொல் இல்லை. எனவே 1868-இல் பாஸ்டன் நகரத்துப் பெண்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்து, தம் சிறு காணிக்கைகளைத் தாமே சேர்த்து, தாமே அனுப்பினர். மதுரைப் பெண்கள் பணிக்கு அப்பணம் பெரிதும் உதவிற்று. அங்கே ஒரு சிற்றூரில் பத்துப் பெண்கள் கூடித் தைத்தும் சமைத்தும் சேர்த்த காசு, இங்கே ஒரு வேதாகமப் பெண்ணின் சம்பளமாயிற்று. கொடுத்தவளும் பெற்றவளும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவரும் தத்தம் ஊரில் ஆடவர் சபையில் பேசும் உரிமை அற்றவர்கள்.

சங்கம் என்று ஒன்று ஏற்பட்டபின் அதற்குத் தலைவி வேண்டும், செயலாளர் வேண்டும், பொருளாளர் வேண்டும். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படிக்க வேண்டும். வரவு செலவு ஒப்பிக்க வேண்டும். ஊர்தோறும் உள்ள பெண்கள் ஐக்கியச் சங்கங்களில் இன்றும் இம்முறை வழுவாமல் நடக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில், 1921-இல் டப்ளின் நகரில் தோன்றிய மரியாயின் சேனையின் கிளைகள் வாரந்தோறும் கூடி, செய்த பணியைக் கூறி, குறிப்பெழுதி வைக்கின்றன. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். 'யாரேனும் பேசலாம்' என்று சொன்னவுடன் தாய்மார் பகுதியில் தலைகள் தாழும். எழுந்து, சுருக்கமாக, முறையாகப் பேசும் சிலரைப் பின்னர் விசாரித்தால், ஒருவர் ஆலயத்துப் பெண்கள் சங்கத்தின் பழைய செயலாளராக இருப்பார். மற்றொருவர் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராக இருப்பார். 1989-இல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய அக்குழுக்கள் வேறு நோக்கத்தில் எழுந்தவை. ஆனால் பாயை விரித்து உட்காருவதும், சிறு சேமிப்பும், குறிப்புப் புத்தகமும் இரண்டுக்கும் பொதுவானவை.

பாய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அப்பாயில் யார் யார் உட்கார்ந்தனர்? சாதியைச் சபைக்குள் விடக்கூடாது என்று மதுரை மிஷன் 1847-இல் கண்டிப்பான முடிவு செய்தது. ஒன்றாக அமர்ந்து உண்ணச் சம்மதியாதவர்க்குச் சபையில் இடமில்லை என்றது. பலர் வெளியேறினர். ஏட்டில் எழுதிய முடிவு பாயில் இறங்கிவர நெடுங்காலம் ஆயிற்று. முற்றும் இறங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பொது அடுப்பில் பொங்கி, ஒரே வரிசையில் இலை போட்டுப் பெண்கள் உண்ட கூட்டங்களே அம்முடிவை ஓரளவு நடைமுறைக்குக் கொணர்ந்தன என்பது என் எண்ணம். சாதி அடுப்படியில்தான் குடியிருக்கிறது. அடுப்படிக்கு உரியவர்கள் அசையாமல் அதுவும் அசையாது.

சிறுமலை அடிவாரத்தில் சின்னாளபட்டியை அடுத்து 1947-இல் காந்திகிராமம் தோன்றியது. டாக்டர் சௌந்திரம் அம்மையார் அங்கே கஸ்தூர்பா அறநிலையத்தின் சார்பில் கிராமப் பெண்களுக்குச் சேவிகைப் பயிற்சி அளித்தார். மருத்துவச்சியாகவும் பாலர் பள்ளி ஆசிரியையாகவும் பயின்று ஊர் ஊராகச் சென்ற அச்சேவிகைகளுள்ளும் கைம்பெண்கள் இருந்தனர். மறு ஆண்டில் மதுரையில் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். 1953-இல் பாத்திமா கல்லூரி. காந்தியாரின் வழி ஒன்று, மிஷனாரின் வழி ஒன்று; நடந்த நிலம் ஒன்றே. பிள்ளைகளுக்கு நான் இவ்விரண்டையும் ஒரே பாட வேளையில் கற்பித்து வந்தேன். ஒரு சமயத்தின் கணக்கில் மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான் எழுதப்படும்.

பெண்கள் தமக்குள் கூடுவதைச் சபை விரைவில் ஏற்றது. பிரசங்க பீடத்தை விட்டுக்கொடுக்கத்தான் நாளாயிற்று. மதுரை மிஷனின் சபைகள் 1947 செப்டம்பர் 27-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. வீடு வீடாக வேதம் கற்பித்த பெண், ஞாயிறன்று பாயில் அமர்ந்து ஆடவர் பேசக் கேட்க வேண்டியவளாகவே இருந்தாள். பெண்களுக்குக் குருப்பட்டம் 1970-களில்தான் தொடங்கிற்று. 2013-இல் ஆந்திரத்து நந்தியால் பேராயத்திற்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் முதற்பெண் பேராயர் அவர். பாளையங்கோட்டையில் குளோரிந்தா ஆலயம் எழுப்பிய ஆண்டிலிருந்து எண்ணினால் 228 ஆண்டுகள். கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் குருத்துவம் ஆடவர்க்கே உரியது. இது சரியா தவறா என்று தீர்ப்பளிப்பது அச்சபையாரின் பொறுப்பு; ஆண்டுகளை எண்ணிக் காட்டுவது வரலாற்று ஆசிரியனின் பொறுப்பு.

மாணவ மாணவியரே, ஈவா சுவிஃப்ட், சாரா கேப்ரன் என்னும் பெயர்களை நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். அவை அறிக்கைகளில் அச்சேறியவை. அவர்களுடன் வெயிலில் நடந்த தமிழ்ப் பெண்டிருள் பலர், பழைய ஏடுகளில் இன்னார் மனைவி, இன்னார் விதவை என்ற அளவிலேயே நிற்கின்றனர். உங்கள் ஊரில் பழைய ஆலயம் இருந்தால், அங்குப் பெண்கள் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகம் ஒன்று அலமாரியிலோ பரணிலோ கிடக்கலாம். உரியவரிடம் அனுமதி பெற்று அதை எடுத்துப் பாருங்கள். தலைவியின் கையெழுத்து இருக்கும். அரிசி விற்ற கணக்கு இருக்கும். வந்திருந்தோர் பட்டியலில் சிலர் கையெழுத்திட்டிருப்பர். சிலர் கைந்நாட்டு வைத்திருப்பர். சில ஆண்டுகள் தள்ளிப் புரட்டினால், முன்பு கைந்நாட்டு வைத்த அதே பெயருக்கு நேரே, கோணல்மாணலாக, எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதிய கையெழுத்து ஒன்றைக் காணவும் கூடும். அந்தப் பெயரையும் அந்த ஆண்டையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.